காளிமுத்துவின் அளவும் என் அளவும்

காளிமுத்துவைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். எங்கள் தேயிலை எஸ்டேட் ஆபீசில் இப்போது சர்வே வேலை பார்க்கும் ஷாலினி விடவில்லை. "அங்கிள், நீங்க முழுங்கி குகையை அளந்த கதையை எழுதிக் கொடுங்க, ஃபைல்ல வைக்கணும்" என்று மூன்று முறை போன் செய்துவிட்டாள். முழுங்கியை எழுதினால் அதை அளக்க அனுப்பிய குரியன் துரையை எழுத வேண்டும். குரியன் துரையை எழுதினால் காளியை எழுதாமல் முடியாது. என் முப்பத்து நான்கு வருட வேலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் வந்து நிற்கிறான். அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவன் மேல் பொறாமை. அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. எங்கள் மலை டவுனான தானா ராத்தாவின் பஸ் ஸ்டேஷனில் நான் நிற்கும்போது அவனுடைய பச்சை லோரி கடந்து போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். லோரியை ஓட்டுவது அவன்கூட இல்லை, அவனிடம் வேலை செய்கிற ஆள். "அறுபத்தேழு வயசாச்சு, இன்னுமா?" என்று என் மனைவி கேட்கிறாள். வயதுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் மணியம். பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்ததும் எஸ்டேட் ஆபீசில் பெயர் பதிகிற வேலையில் சேர்ந்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று குரியன் துரை என்னைச் சர்வேக்கு இழுத்துக்கொண்டார். நான்கு வருடம் முளைக்குச்சி சுமந்தேன், டேப் பிடித்தேன், அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். தேயிலைச் சரிவுகளில் நின்று காம்பஸ் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

குரியன் துரை ஈப்போ பட்டணத்திலிருந்து வந்த மலையாளி. தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் அளந்து பேசுவார். பாராட்டவே மாட்டார். நாம் பார்த்துச் சொன்ன எண் அவருக்குத் திருப்தியாக இருந்தால் "ம், எழுது" என்பார். இல்லாவிட்டால் "இன்னொரு தரம்" என்பார். இந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில்தான் நாங்கள் வாழ்ந்தோம். ஒரு நாளில் அவர் "இன்னொரு தரம்" சொல்லவே இல்லை என்றால் நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு போவேன்.

காளிமுத்து தண்ணிக் குழாய் ஆள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு மலையிலிருந்து வரும் குழாயில் எங்கே அடைப்பு, எங்கே ஓட்டை என்று பார்த்துச் சரி செய்வதுதான் அவன் வேலை. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவன். ஒல்லியான உடம்பு. எந்தப் பொந்துக்குள்ளும் நுழைந்து மறுபக்கம் வந்துவிடுவான். நானும் அவனும் ஒரே லயத்தில், நான்கு கதவு தள்ளி வளர்ந்தவர்கள். அவன் என் உலகத்துக்குள் வராதவரைக்கும் எனக்கு அவன்மேல் ஒன்றுமில்லை.

இனி முழுங்கி. எங்கள் எஸ்டேட்டின் மேல்பக்கத்தில் ஒரு சிற்றாறு இறங்கி வருகிறது. வீட்டளவு கருங்கல் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கும் இடத்தில் அது காணாமல் போகும். தரைக்கு அடியிலேயே ஓடி, கீழே எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மறுபடியும் வெளியே வரும். ஆற்றையே விழுங்குவதால் அதற்கு முழுங்கி என்று பெயர். உள்ளே பாறைகளுக்கு நடுவே ஆள் போகிற வழி இருப்பது காளிக்குத் தெரியும். குழாய் போட இடம் தேடிப் பாதி தூரம் போயிருக்கிறான்.

அந்தச் சரிவின் குறுக்கே புது லோரிப் பாதை வெட்டலாம் என்று மேனேஜர் முடிவு செய்தார். குரியன் துரைதான் தடுத்தார். "அடியில ஆறு ஓடுது. அது எங்க ஓடுதுன்னு தெரியாம மேல ரோடு போடக் கூடாது. மொதல்ல உள்ள போயி அளக்கணும்" என்றார். உள்ளே போக இரண்டு பேர் வேண்டும். ஒருவன் நான். இன்னொருவன் யாரென்று நான் யோசிப்பதற்குள் துரை காளியைக் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்.

இதில் எனக்கு முக்கியமான ஒரு விஷயம் இருந்தது. அந்த வேலை முடிந்ததும் சர்வே கிராணி, அதாவது சர்வே கிளார்க், என்று நிரந்தரமாக ஒரு ஆளைப் போடப்போகிறார்கள், ஸ்டாஃப் வீடு உண்டு என்று ஆபீசில் பேச்சு அடிபட்டது. அதுவரை அந்த வேலை எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். துரை ஒரு வாரம் காளிக்குக் காம்பஸ் சொல்லிக் கொடுத்தார். எனக்கு மூன்று மாதம் பிடித்தது, அவனுக்கு ஒரு வாரம். நான்காம் நாள் துரை அவனைப் பார்த்து, "நல்ல கண்ணு உனக்கு" என்றார். நான்கு வருடத்தில் என் கண்ணைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. 

பாறையில் புள்ளி வைக்கச் சாக்குக்கட்டி உதவாது, தண்ணீர் பட்டால் போய்விடும். நகப்பூச்சுதான் நிற்கும் என்றார் துரை. தானா ராத்தாவில் ஒரு பாய் கடைக்குப் போய்ச் சிவப்பு நகப்பூச்சு மூன்று பாட்டில் கேட்டேன். "என்னா தம்பி, பொண்ணு அமைஞ்சிருச்சா?" என்று கடையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார் பாய். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த முறை காளி போனான். "பாய், ஆத்துக்கு நகம் வளந்துருச்சு, பூசி விடணும்" என்றானாம். பாய் சிரித்து அவனை உட்கார வைத்து நுரை வர ஆற்றிய தே தாரிக் டீ கொடுத்தனுப்பினார். எங்கே போனாலும் அவனுக்கு இப்படித்தான் நடக்கும்.

உள்ளே போகும் முறையைச் சொல்ல வேண்டும். காலை ஏழு மணிக்கு, ஆறு உள்ளே நுழையும் மேல்பக்கத்து வாயிலில் நிற்போம். எங்கள் மலையில் மழைக்காலத்தில் காலை பளிச்சென்று இருக்கும், மத்தியானத்துக்குமேல் கொட்டும். அதனால் பன்னிரண்டுக்குள் வெளியே வந்துவிட வேண்டும். போகுமுன் துரை எங்களைக் குற்றவாளிகளைப்போலச் சோதனை போடுவார். பெல்ட் பக்கிள், பாராங் கத்தி, சாவிக் கொத்து, கைக்கடிகாரம் எல்லாம் வெளியே. இரும்பு பக்கத்தில் இருந்தால் காம்பஸ் முள் பொய் சொல்லும் என்பார். நான் அரைஞாண் கயிற்றில் ஊக்கு குத்தியிருந்ததைக்கூடக் கண்டுபிடித்துக் கழற்றச் சொன்னார்.

மலை உச்சியில் மழை பெய்தால் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. தண்ணீர் வந்த பிறகுதான் தெரியும். அதற்காகக் களையெடுக்கும் பாக்கியம் அக்காவை வாயிலில் உட்கார வைத்தார் துரை. அக்காவுக்கு முன்னால் தண்ணீரில் கோடு போட்ட ஒரு குச்சி. தண்ணீர் ஒரு விரல் ஏறினாலும், நிறம் தேயிலைத் தண்ணீர்போல மாறினாலும், நைலான் கயிற்றை மூன்று முறை இழுக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை என் இடுப்பில். ஆற்றுச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது.

அளவு எடுப்பது இப்படி. காளி முன்னால் போய் ஒரு பாறையில் நகப்பூச்சால் புள்ளி வைப்பான். அந்தப் புள்ளிக்கு நேராக விளக்கைப் பிடிப்பான். நான் பின்னால் இருக்கும் புள்ளியிலிருந்து அவன் விளக்கைக் காம்பஸில் பார்த்து என் நோட்டில் எழுதுவேன். பிறகு அவன் தன் காம்பஸில் என் விளக்கைப் பார்த்து அவன் நோட்டில் எழுதுவான். ஒரே கோட்டை இரண்டு முனையிலிருந்தும் பார்க்கிறோம். இரண்டு எண்ணுக்கும் நடுவே நூற்றெண்பது டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். ஒரு டிகிரி முன்னே பின்னே போகலாம். அதற்குமேல் போனால் இருவரில் ஒருவன் தப்பு. உள்ளே இருக்கும்போது ஒருவன் எண்ணை மற்றவன் கேட்கக் கூடாது என்பது துரையின் கண்டிப்பான உத்தரவு. கேட்டால் மனசு அந்த எண்ணுக்குச் சாய்ந்துவிடுமாம்.

முதல் நாள் ஒன்பது புள்ளி முடித்தோம். முழங்கால் தண்ணீர், சில இடங்களில் இடுப்புவரை. குளிர் எலும்பைத் தொட்டது. திரும்பி வரும்போது காளியின் விளக்கு தண்ணீரில் விழுந்து கெட்டுப்போனது.

இரண்டாம் நாள் காலை துரை தன் காரின் பின்கதவைத் திறந்து, தன்னுடைய சொந்த டார்ச்சை எடுத்துக் காளியிடம் கொடுத்தார். கறுப்பு நிறம், பெரியது, நல்ல வெளிச்சம். "பத்திரம்" என்றார். என் தலைவிளக்கும் மங்கிக்கொண்டுதான் வந்தது. முந்தின நாளே அதை அவரிடம் சொல்லியிருந்தேன். என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அன்று முழுவதும் நான் காம்பஸ் முள்ளைப் பார்த்ததைவிட அந்த டார்ச்சைத்தான் அதிகம் பார்த்தேன். காளி அதை இடது கையில் பிடித்து, காம்பஸின்மேல் வெளிச்சம் விழும்படி ஒட்டி வைத்து எண் பார்ப்பான். அவன் முகம் பளிச்சென்று தெரியும். 

மூன்றாம் நாள்தான் கடினமான நாள். இருபத்திரண்டாவது புள்ளியைத் தாண்டியதும் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. பக்கவாட்டில் படுத்து ஊர்ந்துதான் போக முடியும். காளி சாரைப் பாம்புபோலப் போய்விட்டான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன். அதற்கப்பால் நான்கு புள்ளி எடுத்தோம். இருபத்தாறாவது புள்ளியில் நான் எண்ணை எழுதி முடித்தபோது இடுப்பில் கயிறு இழுபட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

"காளி, கயிறு" என்றேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"நானும் எழுதிட்டேன். போ போ, நீ முன்னுக்குப் போ லா."

வாயில் பக்கம் இருந்தவன் நான், அதனால் நான் முதலில் போக வேண்டும். இடுக்குக்கு வந்தபோது தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது, கலங்கியும் இருந்தது. உள்ளே நுழைந்தேன். வரும்போது நுழைந்த அதே வழிதான், ஆனால் பயத்தில் உடம்பு ஊதிவிட்டதோ என்னவோ, பாதியில் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. என் பின்னால் காளி. நான் அடைத்துக்கொண்டிருந்தால் அவனும் சாக வேண்டியதுதான். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவன் கத்தவில்லை. "மணியம், நோட்ட இங்க குடு" என்றான். கையைப் பின்னால் நீட்டிக் கொடுத்தேன். வாங்கித் தன் தொப்பிக்குள் வைத்துக்கொண்டான். "இப்ப மூச்ச விடு. இழுக்காத, விடு. எல்லாத்தையும் விட்டுரு." விட்டேன். என் பாதத்துக்குத் தோளைக் கொடுத்து ஒரே தள்ளு. முதுகுத் தோல் உரிந்தது, வெளியே வந்து விழுந்தேன். "நாளையிலேருந்து சோறு கொறச்சுக்க லா" என்றான் பின்னாலேயே வந்து.

வாயிலில் பாக்கியம் அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்குள் லயம் முழுக்கக் கதை பரவிவிட்டது. காளி மணியத்தைத் தள்ளிக் காப்பாத்தினானாம். என் அம்மாவே அவனுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். உயிர் பிழைத்தவனுக்கு நன்றி இருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அந்த நன்றியோடு சேர்ந்து பொறாமையும் இரண்டு மடங்காக வளர்ந்தது. இனி அவனைத் திட்டக்கூட எனக்கு உரிமை இல்லை என்று ஆகிவிட்டது.

மத்தியானம் மூன்று மணிக்கு ஆபீசுக்குப் போனேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. துரை மேனேஜரைப் பார்க்கப் போகும் அவசரத்தில், இரண்டு நோட்டுகளையும் என்னிடம் கொடுத்தார். காளியின் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். "ரெண்டு பேர் அளவையும் பக்கத்துல பக்கத்துல போட்டு நல்லா எழுதி வை. அஞ்சு மணிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் நோட்டு துளி ஈரமில்லாமல் இருந்தது. காளி தொப்பிக்குள் வைத்துக் காப்பாற்றிய நோட்டு.

எழுத ஆரம்பித்தேன். முதல் ஒன்பது புள்ளியும் ஒத்துப்போனது. பத்தாவதில் இடித்தது. நான் எழுதியிருந்தது முப்பத்தொன்று. அவனுடையது இருநூற்றுப் பத்தொன்பது. இருநூற்றுப் பதினொன்று இருந்திருக்க வேண்டும். எட்டு டிகிரி வித்தியாசம். அடுத்ததில் ஏழு. அதற்கடுத்ததில் மறுபடியும் எட்டு. கடைசிப் புள்ளிவரை இப்படியே போனது.

இருவரில் ஒருவன் தப்பு. அது யார் என்று நான் ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை. நல்ல கண் அவனுக்குத்தானே. டார்ச் அவனுக்குத்தானே. முள்ளைப் பார்க்காமல் டார்ச்சைப் பார்த்தவன் நான். ஐந்து மணிக்குத் துரை வந்து இதைப் பார்த்தால் "இன்னொரு தரம்" என்பார். இன்னொரு தரம் போனால் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும். சர்வே கிராணி காளிமுத்து, ஸ்டாஃப் வீடு காளிமுத்துவுக்கு. இப்படியெல்லாம் ஓடியது மனசு.

ரப்பரை எடுத்தேன். என் நோட்டில் பத்தாவது புள்ளியிலிருந்து எல்லாவற்றையும் அழித்தேன். காளியின் எண்ணிலிருந்து நூற்றெண்பதைக் கழித்து என் எண்ணாக எழுதினேன். எல்லாம் அச்சாக ஒத்துப்போனால் துரை கண்டுபிடித்துவிடுவார் என்று, சில இடங்களில் அரை டிகிரி கூட்டினேன், சில இடங்களில் ஒரு டிகிரி குறைத்தேன். அந்த அளவுக்கு எனக்குத் தொழில் தெரிந்திருந்தது.

துரை வந்து தாளைப் பார்த்தார். விரலை ஒவ்வொரு வரியாக வைத்துக் கீழே வந்தார். "ம்" என்றார். பிறகு, என் வேலைக்காலத்தில் ஒரே ஒரு முறை, "ரெண்டு பேரும் நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார்.

அந்த அளவை வைத்துப் படம் வரைந்து, குகை போகும் வழியிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி ரோடு வெட்டத் தொடங்கினார்கள். இரண்டாவது வாரம் புல்டோசரின் ஒரு பக்கம் தரைக்குள் இறங்கியது. ஓட்டியவர் குதித்துத் தப்பினார். புல்டோசர் விழுந்த ஓட்டைக்குள்ளிருந்து ஆற்றுச் சத்தம் கேட்டது. எங்கள் படத்தில் பதினைந்து மீட்டர் தள்ளி ஓடிய ஆறு அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

சரிந்த மண் உள்ளே அடைத்துவிட்டதால் மறுபடியும் போய் அளந்து பார்க்க முடியவில்லை. துரை எங்கள் இருவரையும் ஆபீசில் நிற்க வைத்தார். அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மேசைமேல் நான் எழுதிய தாள் இருந்தது.

"ரெண்டு பேர் அளவும் ஒத்துப்போகுது. அப்ப அளவுல தப்பு இல்ல. வேற எங்க தப்பு?" என்று கேட்டார்.

 சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் காளி பேசிவிட்டான்.

"வெளக்குதான் தொரை. நான் வெளக்கப் புள்ளிக்கு நேரா பிடிக்காம தள்ளிப் பிடிச்சிருப்பேன். ரெண்டு பேரும் வெளக்கத்தானே பார்த்தோம், அதனால அளவு ஒத்துப்போயிருக்கும். அளவு சரிதான் தொரை. வெளக்கு புடிச்சது நான்."

துரை அவனை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

காளியைத் தொழிற்சாலைக்கு மாற்றினார்கள், இலை வாட்டும் மாடியில் வேலை. ஒரு வருடத்தில் அவன் எஸ்டேட்டை விட்டே போய்விட்டான். நான் சர்வே கிராணி ஆனேன். ஸ்டாஃப் வீட்டுக்குக் குடிபோன அன்று அவன் வந்து கட்டில் தூக்கிக் கொடுத்தான்.

துரை ஓய்வு பெற்று ஈப்போவுக்குத் திரும்பியபோது தன் சாமான்களில் சிலதை எனக்கு விட்டுப்போனார். அதில் அந்தக் கறுப்பு டார்ச்சும் இருந்தது. ஆசையாக எடுத்து இரும்பு அலமாரி மேல் வைக்கப் போனேன். டக்கென்று அலமாரிக் கதவில் ஒட்டிக்கொண்டது. பின்பக்கத்தில் காந்தம். வழியில் கார் நின்றுபோனால் கையில் பிடிக்காமல் கார்மேல் ஒட்டி வைப்பதற்காகச் செய்தது. எங்கள் அரைஞாண் ஊக்கைக்கூட விடாத மனுஷர், தானே காந்தத்தை எடுத்துக் காளி கையில் கொடுத்திருக்கிறார். காம்பஸுக்கு ஒட்டி வைத்தல்லவா அவன் எண் பார்த்தான்.

அப்படியென்றால் அவன் அளவுதான் தப்பு. நான் அழித்த அளவு சரி. அதுவே அங்கே இருந்திருந்தால் துரை "இன்னொரு தரம்" என்று சொல்லியிருப்பார், மறுநாளே காந்தம் பிடிபட்டிருக்கும். புல்டோசரும் விழுந்திருக்காது, காளியும் போயிருக்க மாட்டான். அலமாரி முன்னால் நின்று எனக்கு முதலில் வந்தது குற்ற உணர்ச்சி இல்லை. சந்தோஷம். அவனைவிட என் கண்தான் நல்ல கண் என்ற சந்தோஷம். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அப்படியே முப்பது வருடத்துக்குமேல் ஓடிவிட்டது. போன மழையில் ஆறு அந்த அடைப்பை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஷாலினியும் இன்னும் இரண்டு பேரும் கையளவு லேசர் கருவியோடு உள்ளே போய் ஒரே காலையில் அளந்துவிட்டு வந்தார்கள். கருவியே தூரத்தையும் திசையையும் சரிவையும் எடுத்துக்கொள்கிறது. எங்கள் நகப்பூச்சுப் புள்ளிகள் சிலது இன்னும் இருக்கின்றனவாம். அவள் வீட்டுக்கு வந்து பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள்.

"அங்கிள், ஒம்பதாவது புள்ளி வரைக்கும் உங்க வேலை சூப்பர். அதுக்கப்புறம் மொத்தமா எட்டு டிகிரி திரும்பியிருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி எப்படி லா தப்பும்?"

"வெளக்குப் பிடிச்சது தள்ளிப்போயிருக்கும்னு அப்ப சொன்னாங்க" என்றேன்.

"இல்ல அங்கிள். வெளக்கு தள்ளிப்போனா படம் கொஞ்சம் நகரும், இப்படித் திரும்பாது."

அந்தப் பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் போன பிறகு நான் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கியா பார்ம் என்ற ஊரில், காளியின் காய்கறித் தோட்டத்துக்கு முன்னால், அவன் கடை ரோட்டோரம் இருக்கிறது. முட்டைக்கோஸ், இனிப்புச் சோளம், ஸ்ட்ராபெரி. என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டான். தலை முழுக்க நரைத்திருந்தது, உடம்பு மட்டும் அதே ஒல்லி. நான் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் முழுங்கி திறந்துவிட்டது என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"கேள்விப்பட்டேன். நம்ம புள்ளியெல்லாம் இன்னும் இருக்காமே."

"இருக்கு."

"உனக்குத் தெரியாது மணியம். நாம அளக்கப் போனோமே, மொத நாளு தொரை என்னைத் தனியா கூப்பிட்டாரு. 'உன் அளவு மணியத்தோட அளவோட ஒத்து வரலேன்னா உன்னோடதுதான் தப்புன்னு வச்சுக்க. அவன் கண்ணு மாதிரி கண்ணு இந்த மலையில இல்ல'ன்னாரு. எனக்கு என்னா பொறாமைங்கிற. ராஸ்கல், எப்படிடா இவனுக்கு மட்டும்னு இருக்கும்."

 அவன் சொல்லிக்கொண்டே போனான்.

"நீ எழுதுன தாள தொரை எங்கிட்ட காட்டினாரு. ஒரு டிகிரிக்கு மேல எங்கயும் போகல. வீட்டுக்குப் போயி அம்மாவப் பாயசம் வைக்கச் சொன்னேன். என்னா விசேஷம்டான்னு கேட்டுச்சு. சொன்னா புரியுமா அதுக்கு? புல்டோசர் விழுந்தப்பகூட எனக்குக் கவலை இல்ல. வெளக்குதானே தப்பு. அளவு சரி."

இதைக் கேட்ட பிறகு சொல்லாமல் எழுந்து வந்திருக்க வேண்டும். இப்போது நினைத்தால் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் சொல்லத்தான் வந்திருந்தேன், சொல்லிவிட்டேன். காந்தம், எட்டு டிகிரி, ரப்பர், அரை டிகிரி கூட்டியது, ஒரு டிகிரி குறைத்தது, எல்லாவற்றையும். அவன் கடைசிவரை கேட்டான்.

"அப்ப ஒத்துப்போகல" என்றான்.

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"மொத ஒம்போது ஒத்துப்போச்சு காளி. அதுக்கப்புறம்தான்."

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வேலை போனதுக்கு ஒண்ணும் இல்ல" என்றான் மெதுவாக. "அதனாலதான் இந்த நெலத்துக்கு வந்தேன். ஆனா நீ இத வந்து சொல்லியிருக்க வேணாம் மணியம். அந்த ஒரு வேலையில மட்டும் நான் உனக்குச் சமமா இருந்தேன்னு இத்தினி வருசமா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

 அதற்குள் கோலாலம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் கடையில் நின்று ஸ்ட்ராபெரி கேட்டது. காளி எழுந்து போனான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரே பெட்டியைத் தராசில் வைத்தான், எடுத்தான், முள்ளைப் பார்த்தான், மறுபடியும் வைத்தான்.